கணக்கு ஏறாத தலையும் ஒரு குற்றால சீசனும்

எங்கள் ஊரில் கணக்கு என்பது ஒருவர் உட்கார்ந்து போடுகிற காரியம் அல்ல. அது வரும், அல்லது வராது. மழை மாதிரி. "எம் மவனுக்குக் கணக்கு வராது" என்று தென்காசியில் ஒரு தகப்பனார் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வருத்தம் கொஞ்சம்தான் இருக்கும். மீதியெல்லாம் குடும்பப் பெருமை. அவருக்கும் வந்ததில்லை, அவரைப் பெற்றவருக்கும் வந்ததில்லை. பரம்பரைச் சொத்து பத்திரமாகப் பையன் கைக்கு வந்து சேர்ந்துவிட்ட நிம்மதி அது.

இப்படிப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு இருக்கும் இளப்பம் இன்று நேற்று வந்ததல்ல. நயா பைசா புழக்கத்துக்கு வந்து, கடைக்காரர்கள் இன்னமும் அணாவிலேயே பேசிக்கொண்டிருந்த காலத்தில், என் பெரியப்பா மகன் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தோற்றான். அன்றைக்கு ஆரம்பித்தது.

என் அப்பாவுக்குக் கொல்லத்தில் வேலை. மாதம் ஒருமுறை செங்கோட்டை வழியாக ரயிலில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். அம்மாவும் நானும் தென்காசியில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பாவுக்கு அரிசி மில் இருந்தது. மில் இருந்ததால் அவர் சொல்வதெல்லாம் சரியாக இருந்தது. அவருக்கு ஒரே மகன். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவன் தோற்ற அதே கோடையில்தான் நான் தேறி எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்குப் போனேன். வீட்டில் அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பேப்பரில் அவன் நம்பர் இல்லை என்பது தெரிந்த மறுநாளே துக்கம் விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு யோசனையோடு வந்தார்கள். வெறுங்கையோடு வந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். வல்லாரைக் கீரையை நெய்யில் வதக்கிக் கொடுக்கச் சொன்னார் ஒருவர். கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்றார் இன்னொருவர். பெரியம்மாவின் தம்பி, தான் எட்டாம் வகுப்போடு நின்றவர், "விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பி விடுங்க, அப்பம் படிச்சா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்" என்றார். அவர் தலையில் எந்த ஆணியும் நின்றதற்கு அடையாளம் இல்லை. அண்ணன் சுவரோரமாக நின்றுகொண்டு எல்லோருக்கும் தலையாட்டினான். தேர்வுத் தாளில் என்ன கேட்டிருந்தார்கள், அவன் எங்கே தடுமாறினான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கடைசியாக டியூஷன் வாத்தியார் வந்தார். ஜிப்பா, பொடி டப்பா, வாசனைப் பாக்கு. "அவர்ட்டப் படிச்சவன் தோத்ததில்ல" என்று ஊர் முழுக்கப் பேச்சு. அது பொய்யில்லை. எப்படியும் தேறிவிடுகிற பையன்களை மட்டுமே அவர் சேர்த்துக்கொள்வார். தேறாதவனைக் கண்டால் "நம்ம கைராசிக்கு ஒத்து வராது" என்று அனுப்பிவிடுவார். பெரியப்பா மில்காரர் என்பதால் அண்ணனை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அண்ணனின் நெற்றியை உற்றுப் பார்த்தார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, இது சூடு. தலைச்சூடு. அதான் கணக்கு உள்ள எறங்க மாட்டேங்கு."

"அதுக்கு என்ன செய்யணுங்கீக சார்வாள்?"

"சீசன் ஆரம்பிக்கப் போவுது. குத்தாலத்துல ஒரு எடம் பாருங்க. காலம்பற அருவில தலையக் குடுத்துட்டு வந்து உக்காந்தாம்னா, செப்டம்பர் பரிச்சைக்குள்ள நான் ஏத்திப்பிடுதேன். பைத்தியத்தையே தெளிய வைக்கிற தண்ணி அது. கணக்கு எம்மாத்திரம்?"

பெரியப்பா அதை ஒரு விஞ்ஞானக் கண்டுபிடிப்பைப் போலக் கேட்டுக்கொண்டார். ஆனி பிறந்ததும் ஐந்தருவி போகிற சாலையில் ஒரு பங்களாவின் பின்கட்டு வாடகைக்குப் பிடிக்கப்பட்டது. வாத்தியாருக்கும் அண்ணனுக்கும் சமைத்துப்போட அம்மா. அம்மாவுடன் நான். நான் தினமும் பஸ்ஸில் தென்காசிக்குப் பள்ளிக்கூடம் போய்வருவது என்று ஏற்பாடு.

சீசனை அனுபவிக்க வாத்தியாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விடிந்ததும் எண்ணெய் தேய்ப்பவரிடம் உடம்பைக் கொடுப்பார். பெரிய அருவியில் நெடுநேரம் நிற்பார். கூடவே அண்ணனையும் தண்ணீருக்கு அடியில் தள்ளி, பிடரியைப் பிடித்து அழுத்திக்கொண்டு நிற்பாராம். கணக்கு இறங்குவதற்கு வசதியாக. திரும்பி வந்து இட்லியும் சட்னியும் தீர்ந்த பிறகு பாடம் தொடங்கும். சாரல் ஜன்னல் வழியாக உள்ளே அடிக்கும். அண்ணனுக்குப் பல் கிட்டிக்கொள்ளும்.

பாடம் என்றால் இதுதான்: கடையில் வாங்கிய நோட்ஸில் இருக்கிற கணக்குகளை அப்படியே ஃபேர் நோட்டில் எழுத வேண்டும். ஓரம் விட்டு, விடைக்கு அடியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டு. எழுதி முடித்தால் அந்தக் கணக்கு 'படித்தாயிற்று'. தேற்றங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒருதரம் அண்ணன் கேட்டுவிட்டான். அவர் பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "ஏன்னு கேக்குறது காலேஜுல. இங்க எப்படின்னு மட்டும் கேளு."

அடுத்தவன் போட்ட கணக்கைப் பார்த்து எழுதுகிறவனுக்குக் கை வலிக்கும். அதைத் தவிர வேறொன்றும் நடக்காது. இதைச் சொல்ல எந்தச் சாஸ்திரமும் வேண்டியதில்லை. ஊரிலுள்ள தோசைகளையெல்லாம் உட்கார்ந்து பார்த்தவள் தோசை சுடக் கற்றுக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஃபேர் நோட்டின் அழகில் பெரியப்பா மயங்கிப்போனார். ஞாயிற்றுக்கிழமை வரும்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகையைத் தடவுவதுபோல அதைத் தடவிப் பார்ப்பார்.

சாயங்காலம் வாத்தியார் கடைவீதிப் பக்கம் உலாவப் போய்விடுவார். அண்ணன் தேற்றம் ஒப்பிக்கும்போது நோட்ஸைப் பிடித்துச் சரிபார்க்கிற வேலை எனக்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டு, "முக்கோணம் ஏ பி சி-யில்" என்று தொடங்கி, மூச்சு விடாமல், கமா, முற்றுப்புள்ளி உட்படச் சொல்லி முடிப்பான். ஒரு சொல் தப்பாது. முதல் சில நாட்கள் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவனா தோற்றான்?

ஒருநாள் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு முக்கோணத்தைத் தாளில் வரைந்தேன். கூர் கீழே இருக்கும்படியாக. எழுத்துகளையும் மாற்றி, பி க்யூ ஆர் என்று போட்டேன்.

"அண்ணே, இதுக்குச் சொல்லு."

அவன் படத்தைப் பார்த்தான். தாளைத் திருப்பினான். மறுபடி திருப்பினான்.

"இது எந்தத் தேற்றம்?"

"இப்பம் சொன்னியே, அதேதான்."

"அதுல ஏ மேல இருக்கும்லா."

"ஏ எங்க இருந்தா என்ன? இந்தக் கோணமும் இந்தக் கோணமும் சமம்னு காட்டணும். அவ்வளவுதான்."

அவனுக்குக் கோபம் வந்தது. "ஏட்டி, நீ என்ன வாத்தியாரா? புஸ்தகத்துல இருக்க மாதிரி போடு" என்று தாளைத் தள்ளினான். வெளியே பார்த்தான். சாலையில் ஈரத் துணியோடு யாரோ குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுட்டி."

"என்ன தெரியாது?"

"ஒண்ணுமே. பின்னம்கூடத் தெரியாது. மஞ்சக்காமாலைல கெடந்தேம்லா, அப்பத்துல இருந்து."

அவன் ஃபர்ஸ்ட் ஃபாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படிக்கும்போது காமாலையில் நெடுநாள் படுத்திருந்தான். திரும்பிப் போனபோது வகுப்பில் பின்னம் நடத்தி முடித்திருந்தார்கள். யாரும் அவனுக்காகத் திரும்ப நடத்தவில்லை. அவனும் கேட்கவில்லை. அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதினான், எல்லா வருடமும். கையெழுத்து நன்றாக இருந்ததால் எல்லா வாத்தியார்களும் சரி போட்டார்கள். அடியில் ஒரு கல்லை உருவிவிட்டு மேலே மேலே கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். இத்தனை வாத்தியார்கள், இத்தனை யோசனை சொன்ன உறவுக்காரர்கள், இத்தனை பெரிய மில்லுக்குச் சொந்தக்காரரான தகப்பனார். ஒருவருக்கும் இது தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலில் அண்ணனுக்குப் பங்கில்லை. முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்குத்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் அவளுடைய பழைய கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்தேன். அரையைக் காலால் வகுப்பது என்ற இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தலைகீழாக்கிப் பெருக்கு என்று எனக்குத் தெரியும். ஏன் என்று அவன் கேட்டதும் எனக்கும் தெரியவில்லை என்பது தெரிந்தது. ஒருவரையொருவர் பார்த்து முழித்துக்கொண்டிருந்தோம்.

அண்ணன்தான் சொன்னான், "அரைப்படின்னா உரி. கால்படின்னா உழக்கு. உரில எத்தன உழக்கு இருக்குன்னு கேக்கானா?"

"ஆமா, அதேதான்."

"ரெண்டு. இது மில்லுல நிக்கிற எல்லாவனுக்கும் தெரியுமே. இதுக்கா இவ்வளவு நாள் பயந்தேன்?"

அடுத்து முக்காலை அரைக்காலால் வகுக்கச் சொன்னேன். அரைக்கால் படி என்றால் ஆழாக்கு; மனதுக்குள் ஆழாக்கை அளந்து "ஆறு" என்றான். பிறகு புத்தகத்து வழியில் போட்டுப் பார்த்தான். அதுவும் ஆறு. அவன் சிரித்த சிரிப்பை வாத்தியார் எந்த அருவியாலும் வரவழைத்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு நாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டோம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கணக்கைப் போட வேண்டும். முட்டி நின்றால் நிற்க வேண்டும். உடனே புத்தகத்தைத் திறந்தால் மற்றவர் தலையில் ஒரு கொட்டு வைக்கலாம். நின்று நின்று பார்த்தும் நகரவில்லை என்றால், ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூட வேண்டும். தப்பாகப் போனால் அடித்துவிட்டு ஓடக் கூடாது, எந்த வரியில் தப்பியது என்று தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுத வேண்டும். 'குறி மாறிப்போச்சு', 'கேள்வியைச் சரியா வாசிக்கல' என்கிற மாதிரி. இன்றைக்குத் தப்பிய கணக்கை நாளைக்கு மறுபடி, நாலைந்து நாள் கழித்து இன்னொரு தரம். நான் பள்ளிக்கூடத்தில் கேட்டதை அவனுக்குச் சொல்ல முயல்வேன். சொல்லச் சொல்ல எனக்கே பாதி புரியவில்லை என்று தெரியும். அப்புறம் அவன் எனக்குச் சொல்வான்.

இன்னொன்றும் செய்தோம். பல பாடங்களிலிருந்து கணக்குகளைத் துண்டுத்தாளில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுப்போம். இது எந்தப் பாடம், எந்த வழி என்று கணக்கே சொல்லாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேர்வுத் தாளும் அப்படித்தானே வருகிறது? புத்தகத்தில் ஒரே மாதிரிக் கணக்கை வரிசையாக இருபது போட்டுவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று நினைப்பவன், தாளைக் கண்டதும் விழிப்பதில் என்ன அதிசயம்? வாத்தியார் கட்டையைச் சாய்த்துக் குறட்டை விடும் மதியங்களில், சனிக்கிழமைகளில், பஸ் வந்து நான் இறங்கிய பிறகு விளக்கேற்றுகிற வரைக்கும், இப்படியே போயிற்று. நாலு மணிக்கு எழுந்திருக்கவில்லை. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. தினமும் கொஞ்சம். அவ்வளவுதான்.

காலையில் அண்ணன் வழக்கம்போல ஃபேர் நோட்டில் எழுதி இரட்டைக் கோடு போட்டுக் காட்டுவான். வாத்தியார், "கையெழுத்து வந்துட்டு. இனி கணக்கு வந்துரும்" என்பார்.

ஆடி பிறந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா சொல்லாமல் காலையிலேயே வந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் நாங்கள் கணக்குப் போட்ட தாள்கள் கிடந்தன. மில்லில் மிஞ்சிய பழைய ரசீதுகளின் பின்பக்கங்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தார். அடித்தல், திருத்தல், வட்டம் போட்டு 'இங்கன தப்பு' என்று எழுதியது. அவர் முகம் கறுத்துவிட்டது.

"என்னலே இது? எல்லாம் தப்புத் தப்பா போட்டு வச்சிருக்க?"

"தப்பு எங்க இருக்குன்னு பாத்து எழுதியிருக்கேன்ப்பா" என்றான் அண்ணன்.

"தப்ப எழுதி வைப்பானாலே எவனாவது? சார்வாள், இங்க பாருங்க."

வாத்தியார் வந்து பார்த்தார். முகத்தில் அருவருப்பு. எச்சில் இலையைத் தொடுவதுபோல ஒரு தாளை நுனியில் பிடித்தார்.

"அண்ணாச்சி, தப்ப எழுதிப் பழகினா கை அந்த வழியிலேயே போயிரும். எங்கிட்டப் படிக்கிற பய தப்பே எழுத மாட்டான்."

எழுத மாட்டான்தான். எல்லாம் பார்த்து எழுதினால் தப்பு எங்கிருந்து வரும்? நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"பெரியப்பா, அண்ணன் இப்பம் பின்னம் எல்லாம் தானாப் போடுதான். வேணும்னா ஒண்ணு குடுத்துப் பாருங்க."

"பின்னமா?" வாத்தியார் சிரித்தார். "எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படிக்கிறவனுக்கு ஃபர்ஸ்ட் ஃபாரம் பாடமா? விளங்குனாப்புலதான்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். "ஓம் வேலதானா இது? பொட்டப்புள்ள நீ அடுப்படியப் பாக்காம அவன் படிப்ப எதுக்குட்டி கெடுக்க?" அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

தாள்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. நான் தென்காசிக்குத் திருப்பி அனுப்பப்பட்டேன். பெரியம்மாவோடு இருந்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன். அவனைப் பற்றி ஒரு சேதியும் தெரியவில்லை. மறுபடி சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். பொருமிக்கொண்டே இருந்தேன்.

சீசன் முடிகிற தறுவாயில் பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சேக்காளிகளை எல்லாம் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரியம்மாவும் நானும் போனோம். குளித்துவிட்டு வந்து எல்லோரும் பங்களாவின் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நேந்திரங்காய் வற்றலும் காபியும் கொடுக்கிற வேலை எனக்கு. மில் சம்பந்தப்பட்டவர்கள் சிலர், பெரியம்மாவின் தம்பி, வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஓவர்சியர். வாத்தியார் நடுநாயகமாக இருந்தார்.

"ஏலே, அந்தத் தேற்றத்தச் சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் பெரியப்பா.

அண்ணன் எழுந்து நின்றான். கண்ணை மூடவில்லை.

"அது எல்லாம் மனப்பாடம்ப்பா. வேணும்னா ஒரு கணக்கு குடுங்க. போடுதேன்."

கூடத்தில் ஒரு சங்கடம் பரவியது. வாத்தியார் அவசரமாக, "போர்ஷன்ல உள்ளத மட்டும் கேளுங்க" என்றார். ஓவர்சியருக்குத் தன் பெருமையைக் காட்ட ஒரு வாய்ப்பு. காலை ஆட்டிக்கொண்டே கேட்டார்:

"ஒரு வேலைய பன்னெண்டு ஆளு பத்து நாள்ல முடிப்பான். நாலு நாள் ஆனதும் நாலு ஆளு நின்னுட்டான். மிச்ச வேலைக்கு எத்தன நாளாவும்?"

அண்ணன் ஒரு தாளை எடுத்துத் தரையில் உட்கார்ந்தான். நான் காபித் தம்ளர்களோடு அவன் பின்னால் நின்றேன். பன்னிரண்டைப் பத்தால் பெருக்கி நூற்றிருபது என்று எழுதினான். மிச்சம் எட்டு ஆள் என்று எழுதினான். நூற்றிருபதை எட்டால் வகுத்தான். பதினைந்து. அவன் பேனாவை எடுக்காமல் அந்தப் பதினைந்தைப் பார்த்தான்.

பிறகு மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்: "முழு வேலைக்கே எட்டு ஆளுக்குப் பதினஞ்சு நாள்தான். இங்க ஏற்கெனவே நாலு நாள் செஞ்சாச்சே. அப்பம் பதினஞ்சு வராது. கொறையணும்."

பதினைந்தை ஒரு கோடு போட்டு அடித்தான். நாலு நாளில் முடிந்தது நாற்பத்தெட்டு. மிச்சம் எழுபத்திரண்டு. எட்டால் வகுத்தால் ஒன்பது. அதோடு விடவில்லை. நாற்பத்தெட்டையும் எழுபத்திரண்டையும் கூட்டி நூற்றிருபது வருகிறதா என்று பார்த்தான். வந்தது.

"ஒம்பது நாளு" என்றான் தலையை நிமிர்த்தி.

ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பேச்சு எப்போதோ மங்குஸ்தான் பழத்துக்குப் போய்விட்டிருந்தது. இந்த வருடம் காய்ப்பு குறைவு என்று ஒருவர், இல்லை, எல்லாம் மலையாளத்துக்குப் போய்விடுகிறது என்று இன்னொருவர். ஓவர்சியர் வற்றலை மென்றுகொண்டே திரும்பினார்.

"என்னது? ஒம்பதா? ஆங், இருக்கும், இருக்கும்."

அவருக்கு விடை தெரியாது. கேட்டவருக்கே தெரியாது. அந்தக் கூடத்தில் அந்தக் கணக்கின் விடை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒருத்தி காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா முகத்தைச் சுளித்தார். "நாலு பேருக்கு முன்னால தேற்றம் சொல்லச் சொன்னா கூலியாள் கணக்கு போடுதான். அடிச்சு அடிச்சு வேற."

அன்று சாயங்காலம் தென்காசிக்குக் கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்தான்.

"ஏட்டி, பதினஞ்சு தப்புன்னு யாரும் சொல்லாம எனக்கே தெரிஞ்சுது பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ போன பெறவும் நிறுத்தல. மதியம் அவரு தூங்குவார்லா. டின்னு எங்கிட்டதான் இருக்கு."

செப்டம்பரில் எழுதினான். தேறிவிட்டான். பிரமாதமான மார்க் ஒன்றுமில்லை, தேறுவதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட. ஊர் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெரியப்பா வாத்தியாருக்கு ஜரிகை வேட்டி போட்டு மரியாதை செய்தார். மில்லுக்கு நெல் கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் தலைச்சூட்டைப் பற்றி விளக்கினார். அடுத்த சீசனில் அதே வாத்தியார் கடையம், பாவூர்சத்திரம் பக்கத்துப் பையன்கள் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பெரிய பங்களாவாகவே பிடித்துவிட்டார். விடியற்காலையில் வரிசையாகப் பிடரியைப் பிடித்து அருவியில் அழுத்தினார். அவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. தோற்றவர்கள் சரியாகக் குளிக்காதவர்களாக இருந்திருக்க வேண்டும்.

மார்ச்சில் நான் எழுதி, கணக்கில் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தேன். பெரியம்மாவின் தம்பி வந்து, "அதான் ஒரு மாசம் குத்தாலத்துல இருந்தாள்லா" என்று காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுக் காபி குடித்துப் போனார். நான் சிரித்தேன். அவரிடம் கோபப்படுவது அவருக்கு அளவுக்கு மீறிய மரியாதை.

அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, மின்சார இலாகாவில் வேலைக்குப் போனான். மில் பக்கம் திரும்பவில்லை. பெரியப்பாவுக்கு அதில் கடைசிவரை மனத்தாங்கல். அப்பா கொல்லத்திலிருந்து வந்து சண்டை போட்டு என்னைப் பாளையங்கோட்டையில் காலேஜில் சேர்த்தார். அவர் எனக்காகச் சண்டை போட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கணக்கே எடுத்துப் படித்தேன். பிறகு ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி. முடித்து, அறுபதுகளின் நடுவில் தென்காசிப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வந்து உட்கார்ந்தேன்.

பெரியவர்கள் மாறியிருப்பார்கள் என்று நினைத்திருந்தால் அது என் முட்டாள்தனம். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் வருடமே இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. வந்தவர் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டினார். அடித்தலும் திருத்தலும் பக்கத்தில் காரணமும் எழுதியிருந்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நோட்டு சுத்தமா இல்லையே டீச்சர்" என்றார். பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். நேரமில்லை என்றார். பக்கத்து வகுப்பு டீச்சரின் நோட்டுகளில் எல்லா விடைக்கும் கோடு போட்டிருந்தது. அவளைப் பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கணக்கிலும் ஒரே இடத்தில் ஒரே கமாவை விட்டிருந்தார்கள். கரும்பலகையில் அவள் விட்ட கமா.

ஒருநாள் வடகரையிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். மகள் என் வகுப்பில் கடைசி பெஞ்சு. மகளையும் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"டீச்சர், இவளுக்குக் கணக்கு ஏற ஒரு வழி சொல்லுங்க. நீங்க சொன்னா கேட்டுக்கிடுவா."

நான் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பசியாறிவிட்டு, தினமும் கொஞ்ச நேரம். புத்தகத்தை மூடிவிட்டுப் போட வேண்டும். தப்பினால் எந்த இடம் என்று தேட வேண்டும். அதே கணக்கை மறுநாளும் போட வேண்டும். எந்த வகுப்பிலிருந்து புரியாமல் போயிற்றோ அங்கிருந்து தொடங்க வேண்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. புரியாததை அன்றைக்கே கேட்க வேண்டும்.

அந்த அம்மாள் கவனமாகக் கேட்டாள். நான் நிறுத்திய பிறகும் காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

அவள் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்ததற்கு இதுதானா என்று நினைத்திருப்பாள். வெளியே போய், பக்கத்து வகுப்பு டீச்சரிடம் எந்த நோட்ஸ் வாங்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அந்த டீச்சரும் உற்சாகமாக ஏதோ பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்குப் படிக்க உள்ள ஒரே வழி உழைப்பு என்றால் ஊரில் யாருக்கும் அது மருந்தாகத் தெரிவதில்லை. கசப்பு பிடிக்கவில்லை என்று கூடச் சொல்ல மாட்டார்கள். இதுக்கெல்லாம் ஒரு வைத்தியமா என்பார்கள்.

அந்த அம்மாளின் மகள் மறுநாள் இடைவேளையில் என் மேஜையருகே வந்து நின்றாள். அம்மா வாங்கிக் கொடுத்த புது நோட்ஸ் கையில் இல்லை. ஒரு கசங்கிய தாள் இருந்தது. அதில் ஒரு கணக்கு, தானாகப் போட்டது. விடை தப்பு.

"தப்பா இருக்கா டீச்சர்?" என்றாள்.

"ஆமா. எந்த வரியில?"

அவள் தாளை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். மணி அடித்தது. நான் அவளை எழுப்பவில்லை.